இந்தியாவில் போன் பெருகியதற்கு யார் காரணம்? நாடுகளின் நட்புக்கு அதில் என்ன வேலை?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். இந்தியாவுக்கு டெலிபோனைக் கொண்டுவந்தவர் ராஜீவ் காந்தி என்று உங்கள் தாத்தா சொல்கிறார். மாமா வாஜ்பாய் பெயரைச் சொல்கிறார். உங்களுக்கோ ஜியோ வந்த பிறகுதான் எல்லாம் மாறியது என்று தோன்றுகிறது. இந்தியா எல்லா நாடுகளோடும் நல்லுறவு வைத்திருந்ததால்தான் வெளிநாட்டுப் பணம் வந்ததா, அதில் நம் சிங்கப்பூருக்குப் பங்கு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது பெருமை யாருக்கு என்ற வழக்கு. ஆனால் கடைசி வரியில் "நட்பு நாடு என்று பேசிக்கொள்வதால் நமக்கு என்ன கிடைத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் தஞ்சைப் பக்கம் பொறியியல் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவன். முதலில் வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாக வாங்கி விற்கும் பிரிவு, பிறகு கடலடி கேபிள் பிரிவு. ஒரு நிமிட அழைப்பின் காசு யார் யாருக்குப் பிரிகிறது, கம்பி எந்த ஊரில் கரையேறுகிறது என்பதெல்லாம் என் தொழில். மந்திரிகள் மூடிய அறையில் என்ன பேசினார்கள் என்பது என் எல்லைக்கு வெளியே. அதனால் நடந்ததை நடந்ததாகச் சொல்கிறேன். ஏன் நடந்தது என்று வரும்போது அது என் கருத்து என்று சொல்லிவிடுகிறேன்.

தாத்தா சொல்வதில் இருந்து தொடங்கலாம், அதில் நிறைய உண்மை இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் இந்தியாவில் போன் என்பது வசதி படைத்தவர்களின் பொருள். எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது அழைப்புகளை இணைத்துவிடும் இயந்திரமான டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வேண்டுமென்றால் வெளிநாட்டில்தான் வாங்க முடியும். இந்தியா பிரான்சின் அல்காடெல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, உத்தரப் பிரதேசத்தின் மன்காபூரில் அரசு நிறுவனமான ஐ.டி.ஐ மூலம் அவர்களுடைய எக்ஸ்சேஞ்சைத் தயாரித்தது. அது நகரத்துக்கு ஏற்ற பெரிய இயந்திரம். புழுதியும் வெயிலும் மின்வெட்டும் உள்ள கிராமத்துக்கு அது ஒத்துவராது. 1984-இல், இந்திரா காந்தி உயிரோடு இருந்தபோதே, சி-டாட் என்ற ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சாம் பிட்ரோடா அதன் முகமாக இருந்தார். 36 மாதம், 36 கோடி ரூபாய், அதற்குள் இந்திய எக்ஸ்சேஞ்ச் என்பது அவர்கள் கொடுத்த வாக்கு. குளிரூட்டி இல்லாமலே ஓடக்கூடிய 128 இணைப்புக் கிராம எக்ஸ்சேஞ்ச் அங்கே உருவானது. முதல் ஒன்று 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் வைக்கப்பட்டது. நான் படித்த காலத்தில் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களுக்கு வந்த எக்ஸ்சேஞ்ச் எல்லாம் இந்தக் குடும்பம்தான். அதோடு சேர்ந்து வந்த மஞ்சள் பலகை எஸ்.டி.டி பூத், வீட்டில் போன் இல்லாதவருக்கும் போனைக் கைக்கெட்டும்படி செய்தது. என் மதிப்பீட்டில் ராஜீவ் காலத்தின் பெரிய சாதனை அந்த பூத்தான். வீட்டுக்கு வீடு இணைப்பு கொடுக்க முடியாத நாடு, தெருவுக்கு ஒரு போன் கொடுத்தது.

ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் தாத்தாவின் வாதம் பாதியில் நின்றுவிடும். 1991-இல் சுமார் 85 கோடி மக்களுக்கு ஏறக்குறைய 50 லட்சம் இணைப்புகள்தான் இருந்தன. அரசிடம் பணம் இல்லை. போன் துறையே விதியை எழுதியது, சேவையும் கொடுத்தது, புகாரையும் அதுவே விசாரித்தது. இந்த நிலையில்தான் நரசிம்ம ராவ் அரசு 1994-இல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையைக் கொண்டுவந்து தனியாருக்கு வழிவிட்டது. உங்கள் வீட்டு விவாதத்தில் ராவ் பெயர் வரவே இல்லை. எனக்கு அது வருத்தம்தான். அதே 1994-இல் அவர் சிங்கப்பூர் வந்து ஆற்றிய உரையில்தான் கிழக்கு நாடுகளை நோக்கி இந்தியா திரும்புவதை உலகத்துக்கு விளக்கினார்.

1995 ஜூலை 31-ஆம் தேதி, மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமோடு பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அந்த அழைப்பு போன வலையமைப்பின் பெயர் மோடி டெல்ஸ்ட்ரா. டெல்ஸ்ட்ரா ஆஸ்திரேலிய நிறுவனம், அப்போது அது முழுக்க அந்நாட்டு அரசுக்குச் சொந்தம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நட்பு பற்றிய கேள்விக்கு இதில்தான் விடை இருக்கிறது.

மாமா சொல்லும் வாஜ்பாய்க்கு வருவோம். 1994 கொள்கையின் கீழ் கம்பெனிகள் போட்டிபோட்டு உரிமக் கட்டணத்தை எக்கச்சக்கமாகக் கேட்டு எடுத்துவிட்டன. ஆண்டுதோறும் இவ்வளவு கோடி என்று நிலையான தொகை. அழைப்புக்கு நிமிடம் 16 ரூபாய் வரை, வரும் அழைப்புக்கும் காசு. அந்த விலையில் யார் பேசுவார்கள்? வருமானம் வரவில்லை, கட்டணம் கட்ட முடியவில்லை, வங்கிகள் கடன் தர மறுத்தன. 1999 கொள்கை இதை மாற்றியது. எங்கள் ஊர் விவசாயக் கணக்கில் சொன்னால், குத்தகையை வாரமாக மாற்றினார்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை என்பது போய், விளைந்ததில் இத்தனை பங்கு என்று ஆனது. முதலில் 15 விழுக்காடு, பின்னர் படிப்படியாகக் குறைந்தது. அன்றிருந்து போன் கம்பெனி வளர்ந்தால் அரசுக்கும் வருமானம் வளரும் என்ற நிலை வந்தது. 1997-இல் தொடங்கிய டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையமும், 2000-இல் வந்த தனித் தீர்ப்பாயமும், அதே ஆண்டு அக்டோபரில் துறையிலிருந்து பி.எஸ்.என்.எல் தனியே பிரிக்கப்பட்டதும் இதன் தொடர்ச்சி.

இதில் உறுதியானது எது, விவாதத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். அந்த மாற்றம் இல்லாவிட்டால் பல கம்பெனிகள் மூடியிருக்கும் என்பதை இத்துறையில் அன்று இருந்த யாரும் மறுக்க மாட்டார்கள். 1999 கொள்கை 2010-க்குள் 100 பேருக்கு 15 போன் என்று இலக்கு வைத்தது. 2010-இல் அது 50-ஐத் தாண்டியிருந்தது. ஆனால் அந்த முடிவு எடுக்கப்பட்டபோது வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுக் காபந்து அரசாக இருந்தது. அதை எதிர்த்த அமைச்சர் ஜக்மோகன் அந்தத் துறையிலிருந்து மாற்றப்பட்டார். அது தொழிலைக் காப்பாற்றிய முடிவா, ஏலத்தில் அதிகம் கேட்டுவிட்டுப் பின்வாங்கியவர்களுக்குக் காட்டிய சலுகையா? இரண்டும் என்பது என் கருத்து. சலுகை கொடுத்துத்தான் தொழில் பிழைத்தது.

இன்னொரு விஷயமும் அந்த ஆண்டில் விதைக்கப்பட்டது. வாரம் என்றால் எதில் வாரம்? நெல்லில் மட்டுமா, வைக்கோலும் சேருமா? கம்பெனிகள் போன் சேவையில் வந்த வருமானத்தில் மட்டும் என்றன. அரசோ, வட்டி, வாடகை உட்பட எல்லா வருமானத்திலும் என்றது. இந்தச் சண்டை நீதிமன்றங்களில் நெடுங்காலம் இழுத்து, 2019 அக்டோபர் 24-இல் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. வட்டியும் அபராதமும் சேர்ந்து, அரசின் கணக்குப்படி வோடபோன் ஐடியா மட்டும் 58,000 கோடி ரூபாய் அளவுக்குக் கட்ட வேண்டியிருந்தது, ஏர்டெல் 44,000 கோடி அளவுக்கு. விளைவு என்ன தெரியுமா? கட்ட முடியாத பாக்கி படிப்படியாகப் பங்காக மாற்றப்பட்டு, 2025-இல் வோடபோன் ஐடியாவில் இந்திய அரசின் பங்கு 49 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. தனியார்மயத்தின் கதை தொடங்கிய இடத்துக்கே ஒரு கம்பெனியாவது திரும்பிப் போயிருக்கிறது. ஒரு சொல்லுக்குத் தெளிவான வரையறை எழுதாததன் விலை இது.

உங்கள் தலைமுறைக்கு ஜியோ பெரிதாகத் தெரிவது இயல்பு. 2016 செப்டம்பருக்கு முன்னால் 1 ஜிபி டேட்டா 200 ரூபாய்க்கு மேல். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது 10, 12 ரூபாய்க்கு இறங்கியது. அதற்கு ஜியோதான் நேரடிக் காரணம், சந்தேகமே இல்லை. ஆனால் ஜியோ வரும்போதே நாட்டில் 100 கோடி செல் இணைப்புகள் இருந்தன. அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியைச் சேர்த்தது 2002-க்கும் 2012-க்கும் இடைப்பட்ட காலம். 2003-இல் வரும் அழைப்பு இலவசமாக்கப்பட்டது. கூலி வேலைக்குப் போகிறவர் கையிலும் போன் வந்தது அன்றைக்குத்தான், ஏனென்றால் ரீசார்ஜ் செய்யாமலும் ஒரு போன் பயன்படும் என்று ஆகிவிட்டது. 2006-இல் தயாநிதி மாறன் அமைச்சராக இருந்தபோது நாடு முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டம் வந்தது. ஆக, ராஜீவ், ராவ், வாஜ்பாய், மன்மோகன் என்று நான்கு ஆட்சிகள், கட்சி மாறியும் திசையை மாற்றாமல் இருந்தன. வளர்ச்சிக்கு ஒரே காரணம் சொல்லுங்கள் என்று யாராவது என்னைப் பிடித்து நிறுத்தினால் இந்தத் தொடர்ச்சியைத்தான் சொல்வேன்.

சரி, இப்போது நட்பு. மற்றத் தொழில்களுக்கும் தொலைத்தொடர்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சோப்புக் கம்பெனி வெளிநாட்டிலிருந்து வந்தால் வருவது ஒரு முதலாளி. போன் கம்பெனி வந்தால், பெரும்பாலும் பின்னால் ஒரு அரசு நிற்கும். டெல்ஸ்ட்ரா பற்றிச் சொன்னேன். நம் ஊர் போன் கம்பெனியான சிங்டெல்லில் பெரும்பங்கு, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக் கையில். 2008-க்குப் பிறகு இந்தியாவில் இறங்கிய டெலினாரில் பாதிக்கு மேல் நார்வே அரசுக்குச் சொந்தம். எடிசலாட்டில் பெரும்பங்கு ஐக்கிய அரபு அமீரக அரசுக்கு. ரஷ்யாவின் சிஸ்டெமா தனியார்தான், ஆனால் அதன் இந்தியக் கம்பெனியில் ரஷ்ய அரசே 17 விழுக்காடு வாங்கியிருந்தது. ஜப்பானியக் கம்பெனியான டோகோமோவின் தாய்க் கம்பெனியில் ஜப்பான் அரசு பெரிய பங்குதாரர். அதனால் டெல்லியில் ஒரு உரிமம் ரத்தானால், மறுநாள் அது இரண்டு நாடுகளின் வெளியுறவுப் பிரச்சினை ஆகிவிடும். நட்பு இருந்ததால் இவர்கள் வந்தார்களா என்றால், நட்பு கதவைத் திறக்க உதவியது. உள்ளே உட்கார வைத்தது விதி.

விதி தடுமாறிய இடம் 2ஜி, அதாவது செல்போன் சேவைக்கான அலைக்கற்றை உரிமங்களைக் கொடுத்த விவகாரம். தமிழர்கள் நடுவில் இதைப் பேசினால் உடனே கட்சிச் சண்டையாகிவிடும், எனவே கவனமாகப் பிரிக்கிறேன். நடந்தவை இவை: 2008 ஜனவரியில் ஆ. ராசா அமைச்சராக இருந்தபோது 122 உரிமங்கள் 2001-இன் விலைக்குக் கொடுக்கப்பட்டன, நாடு முழுமைக்கும் 1,658 கோடி ரூபாய். விண்ணப்பத்தின் கடைசி நாள் பின்னோக்கி நகர்த்தப்பட்டது. 2010-இல் தணிக்கைத் துறை 1.76 லட்சம் கோடி வரை இழப்பு என்று மதிப்பிட்டது. ராசா பதவி விலகினார். 2012 பிப்ரவரி 2-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லாரையும் விடுதலை செய்தது. அதை எதிர்த்த சி.பி.ஐயின் மேல்முறையீடு 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு ஏற்கப்பட்டது. இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று அடித்துவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. ஒன்று, உரிமம் கொடுத்த முறை சட்டப்படி சரியா என்று கேட்டது. மற்றது, இன்னார் குற்றம் செய்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டது. முறை தவறு, ஆனால் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதே இன்றைய நிலை.

இழப்புத் தொகைதான் சந்தேகத்துக்குரிய பகுதி. 2010-இல் 3ஜி ஏலம் 67,000 கோடிக்கு மேல் போனது. அந்த விலையை 2ஜி-க்குப் பொருத்திப் பார்த்ததில் வந்த மதிப்பீடுகளில் பெரியது 1.76 லட்சம் கோடி. ஆனால் ரத்தான அலைக்கற்றையை 2012 நவம்பரில் ஏலம் விட்டபோது வந்தது சுமார் 9,400 கோடிதான். அப்போது சந்தையும் சோர்ந்திருந்தது, அடிப்படை விலையும் அதிகம், அதனால் அதையும் சரியான அளவுகோலாக எடுக்க முடியாது. 2001 விலைக்கு 2008-இல் கொடுத்தது குறைந்த விலை என்பது நிச்சயம். எவ்வளவு குறைவு என்பதற்கு ஒற்றை எண் கிடையாது. யாராவது அப்படி ஒரு எண்ணை அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

என் தொழிலில் இருந்தவர்களுக்கு வலித்தது வேறொன்று. உரிமம் வாங்கியவரிடமிருந்து பங்கு வாங்கி, கோபுரம் நட்டு, ஆள் எடுத்து, வாடிக்கையாளர் சேர்த்த டெலினார் போன்றவர்களுக்கு அந்த உரிமம் எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்பதில் கை இல்லை. நார்வேயும் ரஷ்யாவும் இந்திய அரசிடம் முறையிட்டன. எடிசலாட் போயே போய்விட்டது. டெலினார் ஏலத்தில் மறுபடி வாங்கி நடத்திப் பார்த்து, 2018-இல் தன் இந்தியத் தொழிலை ஏர்டெல்லிடம் ஒப்படைத்தது. டோகோமோ கதை இன்னும் கசப்பு. வெளியேறும்போது போட்ட பணத்தில் பாதியாவது திரும்ப வரும் என்று டாடாவோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. டாடா கொடுக்கத் தயாராக இருந்தும் ரிசர்வ் வங்கியின் விதி தடுத்தது. லண்டன் நடுவர் மன்றம் வரை போய், 2017-இல்தான் தீர்ந்தது. வோடபோன் மீது பின்தேதியிட்டு வரி போட 2012-இல் சட்டத்தையே திருத்தினார்கள். 2020-இல் சர்வதேச நடுவர் மன்றத்தில் இந்தியா தோற்றது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து இந்தியா வழக்குப் போட்டது எங்கே தெரியுமா, இங்கே சிங்கப்பூர் நீதிமன்றத்தில். 2021 ஆகஸ்டில் இந்தியாவே அந்தப் பின்தேதி வரியைக் கைவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமான இரண்டு சம்பவங்கள் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி, உலகத்துக்கே போன் செய்து அனுப்பிய இடம். வரிச் சண்டையில் சிக்கி, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாற முடியாமல் போய், 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்த வரி விவகாரம் இந்தியா, பின்லாந்து இரண்டு நாட்டு வரித் துறைகளும் உட்கார்ந்து பேசி 2018-இல்தான் முடிந்தது. ஆலையில் வேலை பார்த்த இளம் பெண்களுக்கு அந்த முடிவால் எந்தப் பயனும் இல்லை. அப்புறம் ஏர்செல். மலேசியாவின் மேக்சிஸ் பெரும்பங்கு வாங்கிய, தமிழ்நாட்டில் வேரூன்றிய கம்பெனி. 2018 பிப்ரவரியில் சிக்னல் விழுந்தபோது, ஊரில் இருந்த அப்பா அம்மாவை இரண்டு மூன்று நாள் தொடர்புகொள்ள முடியாமல் இங்கே தவித்தவர்கள் ஏராளம். எங்கள் அலுவலகத்திலேயே பலர் அந்தத் தவிப்பில் இருந்தார்கள்.

இனி சிங்கப்பூர். நம் பங்கு பழையது. 1870-71-இலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டுவிட்டது. ஆனால் இன்றைய கதை 2000-இல் தொடங்குகிறது, ஏர்டெல்லை நடத்தும் பார்தி குழுமத்தில் சிங்டெல் முதலீடு செய்த ஆண்டு. பார்தி அன்று சில வட்டாரங்களில் மட்டும் இருந்த நடுத்தரக் கம்பெனி. வந்த வெளிநாட்டுக்காரர்களில் பெரும்பாலோர் போய்விட, சிங்டெல் இன்றுவரை ஏர்டெல்லின் பெரிய பங்குதாரராக நிலைத்திருக்கிறது. ஏன்? என் கணிப்பு: நிர்வாகத்தை இந்தியக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, அவசரப்படாமல், சிறுபான்மைப் பங்கோடு இருந்தது. அதோடு 2008-இன் 122 உரிமங்களை நம்பி அது நுழையவில்லை. நட்பு நாடு என்பதால் யாரும் தனிச் சலுகை கொடுத்ததற்கு நான் வேலை செய்த இடத்தில் எந்த அடையாளமும் பார்த்ததில்லை.

இரண்டாவது, கேபிள். தொண்ணூறுகளில் இந்தியாவின் பெரிய ஒளியிழைக் கேபிள்கள் மும்பையிலும் கொச்சியிலும் கரையேறின. சென்னைக்கு இருந்தது பினாங்கிலிருந்து வந்த 1981-ஆம் ஆண்டுக் காலத்துக் கேபிள். வெளிநாட்டு அழைப்பு முழுவதும் வி.எஸ்.என்.எல் என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கையில். 2002-இல் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து நடந்தன. பிப்ரவரியில் வி.எஸ்.என்.எல் டாடாவுக்கு விற்கப்பட்டது, ஏப்ரலில் அதன் ஏகபோகம் முடிந்தது, அதே ஆண்டு பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே 3,200 கிலோமீட்டர் அளவுக்குப் போட்ட ஐ-டு-ஐ கேபிள் இயங்கத் தொடங்கியது. வடிவமைப்புத் திறன் நொடிக்கு 8.4 டெராபிட், அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் அளவு. 2004-இல் டாடா தன் சொந்தச் சென்னை-சிங்கப்பூர் கேபிளைப் போட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் கணினிக் கம்பெனிகள் வரிசையாக வந்ததற்குப் பல காரணம் சொல்வார்கள். சென்னைக் கடற்கரையில் நம் பக்கத்திலிருந்து போய் ஏறிய இந்தக் கம்பிகளும் அந்தக் காரணங்களில் ஒன்று, இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

போன் பில் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் வெளிநாட்டு ஊழியர்கள் போன் அட்டை வாங்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்காது. பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அட்டையைச் சுரண்டி, எண்களைத் தட்டி, ஊருக்குப் பேசுவார்கள். அட்டையில் போட்டிருந்த நிமிடம் முழுவதும் கிடைக்காத குறை நிறைய. அந்தக் காசில் ஒரு பகுதி எங்கே போனது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2003 முதல் 2008 வரை, வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இந்தியா ஒரு கூடுதல் கட்டணம் வாங்கியது. ஒரு கட்டத்தில் அது 4 ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் பி.எஸ்.என்.எல்லின் கிராமப்புற லேண்ட்லைன் நட்டத்தை ஈடுகட்டப் போனது. அதாவது, தேக்காவில் நின்று புதுக்கோட்டைக்குப் பேசிய கட்டுமானத் தொழிலாளி இந்தியக் கிராமத்துப் போனுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் கள்ளச் சந்தையும் முளைத்தது. வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுபோய், இந்தியாவில் ஒரு அறையில் பல சிம்களைச் செருகிய சிம் பெட்டி வைத்து உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவார்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து பேச, அம்மாவின் போனில் ஏதோ ஒரு உள்ளூர் எண் தெரியும். கட்டணம் படிப்படியாகக் குறைந்து 2008-இல் ஒழிந்தது. பிறகு வாட்ஸ்அப் வந்து அந்தத் தொழிலையே முடித்துவிட்டது. என் முதல் பிரிவும் அதோடு சுருங்கியது.

2005-இல் கையெழுத்தான சிங்கப்பூர்-இந்திய விரிவான பொருளியல் ஒப்பந்தம் பற்றி நிறைய சத்தம் கேட்டிருப்பீர்கள். போன் விஷயத்தில் அதைவிட 2023 பிப்ரவரி 21-ஐத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அன்று போனிலேயே பணம் அனுப்பும் முறைகளான இந்தியாவின் யு.பி.ஐயும் நம் பேநவ்வும் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் நாள் ஒன்றுக்கு 60,000 ரூபாய், கிட்டத்தட்ட 1,000 வெள்ளி வரை. ஊழியர் விடுதியில் படுத்துக்கொண்டே அம்மாவின் இந்தியன் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். இரண்டு மத்திய வங்கிகளும் ஒன்றையொன்று நம்பாமல் இது நடக்காது. உங்கள் "என்ன கிடைத்தது" என்ற கேள்விக்கு, கையில் தொட்டுக் காட்டக்கூடிய பதில் இது.

நட்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இந்திய வலையமைப்புகளில் சீன உபகரணம் பெருமளவில் இருந்தது, விலை மலிவு என்பதால். 2020 ஜூனில் இந்திய-சீன எல்லையில் கல்வான் மோதல் நடந்தது. அதே மாதம் 59 சீன செயலிகளுக்குத் தடை வந்தது. 2021 ஜூனிலிருந்து நம்பகமான இடத்திலிருந்து மட்டுமே புதிய உபகரணம் வாங்கலாம் என்ற விதி வந்தது. 5ஜி பரிசோதனைப் பட்டியலில் சீனக் கம்பெனிகளான ஹுவாவேயும் இசட்.டி.இ-யும் இல்லை. இது பாதுகாப்புக்குத் தேவைதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் போட்டி குறைந்தால் உபகரண விலை ஏறும், அது கடைசியில் ரீசார்ஜ் தொகையில்தான் வந்து நிற்கும். இதன் இன்னொரு பக்கம், பி.எஸ்.என்.எல் தன் 4ஜி-யை சி-டாட், டாடா கன்சல்டன்சி, தேஜஸ் கூட்டணியின் உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலேயே கட்டியது. காலதாமதம் அதிகம், அதற்குள் வாடிக்கையாளர் பலர் போய்விட்டார்கள். ஆனாலும் 1984-இல் உங்கள் தாத்தா கொண்டாடிய அந்த சி-டாட் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.

வளர்ச்சி எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் 115 கோடிக்கு மேல் செல் இணைப்பு என்றால் அத்தனை பேர் கையில் போன் என்று பொருள் இல்லை, அது சிம் கணக்கு. நகரத்தில் 100 பேருக்கு 100-க்கும் மேல் இணைப்பு, கிராமத்தில் 60-ஐ ஒட்டித்தான். ஒரு காலத்தில் பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்த சந்தையில் இப்போது தனியாரில் வலுவாக நிற்பவை இரண்டுதான். விலை மறுபடி ஏறத் தொடங்கிவிட்டதற்கு அதுதான் முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. முதலீட்டைத் திரும்ப எடுக்க வேறு வழியில்லை என்று கம்பெனிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இனிமேல் நட்பு எங்கே தேவைப்படும் என்று கேட்டால், நான் கடலுக்கு அடியில்தான் பார்ப்பேன். இந்தியாவிலிருந்து மேற்கே போகும் கேபிள்களில் பெரும்பகுதி செங்கடல் என்ற ஒரே சந்தில் நெருக்கிக்கொண்டு போகிறது. 2024 பிப்ரவரியிலும் 2025 செப்டம்பரிலும் அங்கே கேபிள்கள் அறுந்தன. அப்படி நடக்கும்போது போக்குவரத்தைக் கிழக்கே திருப்ப வேண்டும், கிழக்கே என்றால் சிங்கப்பூர். கேபிள் அறுந்தால் சரிசெய்யும் கப்பலுக்கு இந்தியா பெரும்பாலும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. அந்நியக் கொடி பறக்கும் அந்தக் கப்பல் இந்தியக் கடலுக்குள் வர, பல துறைகளின் அனுமதி வாங்க வேண்டும். சேதத்தைச் சரிசெய்வதைவிட அந்த அனுமதிக்குக் காத்திருப்பதுதான் எங்களுக்குப் பல முறை நீண்டிருக்கிறது. இதை எளிதாக்கவும் உள்நாட்டிலேயே பழுதுபார்க்கும் வசதியை உருவாக்கவும் டிராய் 2023 ஜூனில் பரிந்துரை கொடுத்தது. இரண்டு நாட்டுத் தலைவர்களும் அடுத்த முறை சந்திக்கும்போது, சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பழுதுபார்க்கும் கப்பலுக்கு முன்கூட்டியே அனுமதி என்று ஒரு வரியைச் சேர்த்தால் போதும், எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது பெரிய உதவி.